ஊர்ப்பெயர்க் காரணம் எழுதிப் பலகை வைக்கும் முன்: புதுக்கோட்டை மாவட்ட ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும், பலகைக்கு வாசகம் எழுதித் தரும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஊர் எல்லையில் ‘எங்கள் ஊர்: பெயர்க் காரணம்’ என்று பலகை வைக்கும் ஆசை இப்போது பல ஊர்களில் இருக்கிறது. நல்ல ஆசைதான். சங்கடம் என்னவென்றால், இன்றைய பெயரை எடுத்து இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் சொல்லி, நடுவில் ஒரு ராஜாவையோ முனிவரையோ நிறுத்திவிட்டால் காரணம் தயாராகிவிடுகிறது. அந்த ஊருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே பெயர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கல்வெட்டிலும் நிலப் பதிவேட்டிலும் உங்கள் ஊர் எந்தெந்தப் பெயரில் வருகிறது என்று முதலில் வரிசைப்படுத்துங்கள். காரணத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்குச் சரியான உதாரணம் குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இலுப்பூர் வட்டம், அன்னவாசல் ஒன்றியம். சிறிய ஊர், ஒரு குன்று, அடிவாரத்தில் சிகாநாதர் கோயில், குன்றைக் குடைந்த மேலைக்கோயில். கோயில் சுவர்களிலும் பாறையிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். பெயர்க் காரணம் யாரைக் கேட்டாலும் ஒரே கதை வரும். அர்ச்சகர் சுவாமிக்குரிய பூவைத் தான் விரும்பிய பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார். பூவைத் திரும்ப வாங்கிப் பிரசாதமாகத் தந்தபோது அதில் ஒரு தலைமுடி இருந்தது. “சுவாமிக்குக் குடுமி உண்டு” என்று அர்ச்சகர் சொல்லிவைத்தார். ராஜா பார்க்க வேண்டும் என்றார். பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி தோன்றியது. அதனால் குடுமியான், அதனால் குடுமியான்மலை.

கதை அழகானது. ஆனால் இதே கதை, பூ, தாசி, முடி, கோபப்பட்ட ராஜா எல்லாம் அப்படியே, சோழநாட்டுத் திருக்கண்ணபுரத்தில் சௌரிராஜப் பெருமாளுக்கும் சொல்லப்படுகிறது. அங்கே ‘சௌரி’ என்ற பெயருக்கு விளக்கமாக. இங்கே ‘குடுமி’ என்ற பெயருக்கு. முடியை நினைவுபடுத்தும் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பெயர் இருந்ததால் கதை வந்தது என்று சொல்லலாம். கதையால் பெயர் வந்தது என்று பலகையில் பொறிக்க முடியாது.

கல்வெட்டுகளுக்கு வருவோம். பழைய கல்வெட்டுகளில் இவ்வூர் திருநலக்குன்றம். இறைவன் திருநலக்குன்றமுடைய நாயனார். குடுமியும் இல்லை, முடியும் இல்லை. நலம் தரும் குன்று, அவ்வளவுதான். பிற்காலக் கல்வெட்டுகளில் சிகாநல்லூர் என்ற பெயர் தலைகாட்டுகிறது. குடுமியான்மலை என்பது அதற்கும் பின்னால் நிலைத்த வழக்கு. இந்த வரிசை கையில் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வடமொழியில் ‘சிகா’ என்றால் உச்சி, குடுமி இரண்டும். தமிழில் ‘குடுமி’ என்றாலும் மலையுச்சி, தலைக்குடுமி இரண்டும். காளத்தி மலையின் மேல் கண்ணப்பர் கண்ட இறைவனைப் பெரியபுராணம் ‘குடுமித்தேவர்’ என்றே சொல்கிறது. அங்கே தலைமுடிக் கதை எதுவும் கிடையாது, மலையுச்சியில் இருப்பவர் என்பதே பொருள். குடுமியான்மலைக்கும் அந்தப் பொருளே பொருந்தும் என்பது எங்கள் முடிவு. பாண்டியர் காலத்தில் உமையாள்நாச்சி என்ற தேவரடியார் எடுப்பித்த அம்மன் சன்னதியின் பெயர் மலையமங்கை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஊரில் பெயர்கள் குன்றைச் சுற்றியே வந்திருக்கின்றன.

இன்னொன்று. இந்த ஊருக்கு உலகப் புகழ் தந்தது மேலைக்கோயிலை ஒட்டிய பாறையில் உள்ள இசைக் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது, 1904இல் கண்டறியப்பட்டது. ஊர்ப்பெயரைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரின் மிகப் பழைய, மிகப் பெரிய சான்றில்தான் பெயர்க் காரணமும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு தேடுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். பெயர் இருப்பது இரண்டு விளக்கு எரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் விற்றவர், நிலம் வாங்கியவர் என்று யாரும் நின்று படிக்காத சாதாரணக் கல்வெட்டுகளில்.

உங்கள் ஊருக்கு எங்கே தேடுவது? புதுக்கோட்டைக்கு ஒரு தனிச் சிக்கல், ஒரு தனி வசதி. 1948 மார்ச் 3 வரை இது தனிச் சமஸ்தானம். சென்னை மாகாணத்துப் பழைய பட்டியல்களில் புதுக்கோட்டைச் சீமை ஊர்களைத் தேடிக் காணோம் என்று கைவிட்டவர்கள் உண்டு, அங்கே பெரும்பாலும் இருக்காது. சமஸ்தானமே தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூல வாசகத்தை அரச மரபு வாரியாகத் தொகுத்து 1929இல் அச்சிட்டது. வேறு மாவட்டத்துக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஊர் வாரியான அட்டவணையைப் பார்த்து உங்கள் ஊரின் எண்களைக் குறித்துக்கொண்டால் ஒரு பிற்பகலில் வேலை முடியும். உங்கள் ஊரில் கல்வெட்டே இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நிலம் கொடுத்த கல்வெட்டில் உங்கள் ஊர் ‘கீழ்பாற்கெல்லை’யாக, அதாவது கிழக்கு எல்லையாக வரலாம். பழைய பெயர் கிடைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14. அதற்கு முன் சமஸ்தானப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கத்து ஊர்கள் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தவை. அந்த ஊர்க்காரர்கள் 1929ஆம் ஆண்டுத் தொகுப்பைப் புரட்டிப் பயனில்லை; 1887 முதல் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ் பார்க்க வேண்டும்.

அச்சான வாசகத்தைப் படிக்கும்போது ‘ஆன’, ‘என்னும்’ என்ற இரண்டு சொற்களில் கண் நிற்கட்டும். இன்ன ஊரான இன்ன நல்லூர் என்று வந்தால் முன்னது மக்கள் வழக்கு, பின்னது அரசனோ அதிகாரியோ வைத்த பெயர் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். மங்கலம், சதுர்வேதிமங்கலம், புரம், நல்லூர் என்று முடியும் வைத்த பெயர்களில் பல அரசோடு போய்விட்டன. நார்த்தாமலையைப் பாருங்கள். வணிகர் நகரமாக இருந்தபோது அதற்குத் தெலுங்குகுலகாலபுரம் என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. இன்று அந்தப் பெயரை ஊரில் சொன்னால் யாருக்கும் தெரியாது. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பது ஆய்வாளர் விளக்கம். நாரதர் தவம் செய்த மலை என்பது ஊர் விளக்கம். வணிக நகரம் இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. நாரதர் வந்ததற்கு இல்லை.

ஊருக்கு முன்னால் வரும் நாட்டுப் பெயரையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்; நாடு என்பது அக்காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த பிரிவு. கல்வெட்டுகளில் ஊர் தனியாக வராது, ‘இன்ன நாட்டு இன்ன ஊர்’ என்றே வரும். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும்போது வேறு ஊரின் ஆயிரம் ஆண்டுப் பெருமையை நம் பலகையில் ஏற்றிவிடாமல் காப்பது அந்த நாட்டுப் பெயர்தான்.

அச்சில் வராத கல்வெட்டு ஊரில் கிடந்தால், நீங்களே படிக்க முயல வேண்டாம்; படம் எடுத்து அனுப்புங்கள். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே ‘கா’ என்று ஒருவர் படிப்பதை இன்னொருவர் ‘கர’ என்றும் ‘கர்’ என்றும் படிக்கலாம். ஊர்ப்பெயரில் அந்த ஓரெழுத்து மாறினால் காரணமே மாறிவிடும். படம் எடுக்க நல்ல நேரம் காலை வெயில் ஏறுமுன் அல்லது சாயங்காலம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். உச்சிவெயிலில் எழுத்தே தெரியாது. வெயில் விழாத சுவருக்கு, இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். கல்லைத் தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் கொண்டு கழுவலாம். கம்பித் தூரிகை, ஆசிட் இரண்டும் கூடவே கூடாது. எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸால் மேலே வரைவதும் கூடாது. வரைகிறவர் தனக்குத் தோன்றிய எழுத்தை வரைவார், அடுத்து வருகிறவர் அதைத்தான் படிப்பார். திருப்பணியில் மணல் பீய்ச்சிச் சுவரை வெள்ளையாக்கிய கோயில்களில் இருந்த கல்வெட்டுகளை இனி எந்த நிபுணராலும் மீட்க முடியாது. உங்கள் ஊரில் கும்பாபிஷேகம் வரப்போகிறது என்றால் அதற்கு முன் தொல்லியல் துறைக்கு எழுதி மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, மையை ஒற்றி எடுப்பது. கல்லுக்கு ஒரு கேடும் இல்லை.

கல்வெட்டுக்கு அடுத்தது நிலப் பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் பழைய புல எண் என்று ஒரு பத்தியும், கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தியும் இருக்கும். புறம்போக்கு இனங்களில் கண்மாய், ஊரணி, ஏந்தல், வாரி என்று என்னென்ன இருக்கின்றன என்பதை அந்தக் குறிப்பிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் வேர் நீர்நிலைதான். ஏந்தல் என்று முடியும் ஊரில் அந்த ஏந்தல் எது என்று கிராம வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் பெயர்க் காரணம் அங்கேயே முடிந்தது. கண்மாய் தூர்ந்து வீடாகியிருந்தால் புதிய பதிவேட்டில் கிடைக்காது. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவுக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இனாம் நிலம் இருந்த ஊர் என்றால் கோயில் சொத்துப் பதிவேடும் உதவும்.

பத்திரங்களை மறந்துவிடாதீர்கள். பதிவேட்டில் வெறும் எண்ணாக இருக்கும் வயலுக்குப் பழைய கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் பெயர் இருக்கும். ஊரில் நாலு வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் போதும், ஊர்ப்பெயரின் பழைய எழுத்துமுறை கண்ணில் படும். குடுமியான்மலையையே பழைய ஆங்கிலப் பதிவுகள் ‘குடுமியாமலை’ என்று எழுதியிருக்கின்றன. வாய்வழக்கைக் கேட்டு எழுதியது அது. அப்படிக் கேட்டு எழுதிய பிழைதான் சில நேரம் நல்ல சாட்சி.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சாவடியில் பத்துப் பேரை உட்காரவைத்துக் கேட்டால் குரல் உயர்ந்தவர் சொல்வதே பத்துப் பேர் சொன்னதாகிவிடும். தனித்தனியாகக் கேளுங்கள். “பெயர் எப்படி வந்தது?” என்று தொடங்க வேண்டாம், கதைதான் வரும். “மழை பெய்தால் தண்ணீர் முதலில் எங்கே நிற்கும்? பழைய ஊர் எந்த இடத்தில் இருந்தது? அந்தப் பொட்டலுக்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த இடப்பெயர்களில் கால்வாசிகூடப் படித்தவர்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஊருக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் அல்லர், அங்கே போகிறவர்கள்.

சித்தன்னவாசலில் இந்த முறைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். ‘சித்தர்கள் வாழ்ந்த இடம்’ என்று வடமொழியில் உடைத்துச் சொல்லும் விளக்கம் பரவலானது. அங்குள்ள அறிவர் கோயில் என்ற சமணக் குகைக்கு வெளியே பாறையில் உள்ள செய்யுள் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுக்கி முன்மண்டபம் எடுத்ததைச் சொல்வது. அதில் இடத்தின் பெயர் அண்ணல்வாயில். பக்கத்திலேயே அன்னவாசல் என்ற பேரூர் இருக்கிறது. வாயில் வாசலாவதும் அண்ணல் அன்னவாவதும் பேச்சில் நடக்கக்கூடியதே. பெரியது அண்ணல்வாயில், சிறியது சிறு அண்ணல்வாயில் என்று கொண்டால் சித்தன்னவாசலுக்கு வழி தெரிகிறது. அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகையின் கற்படுக்கையில் உள்ள, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.மு. 1ஆம் நூற்றாண்டு என்று கணித்த தமிழ்பிராமி எழுத்திலும் ‘சிறுபோசில்’ என்று ஒரு இடப்பெயர் வருகிறது. சித்தர் விளக்கத்தைவிடச் சிறு அண்ணல்வாயில் விளக்கம் வலுவானது. ஏனென்றால் அதற்குத் தொட்டுக் காட்ட ஒரு கல்வெட்டு உண்டு.

எந்தப் பெயருக்குக் காரணம் எழுதுகிறீர்கள் என்பதிலும் ஒரு குழப்பம் வரும். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, குக்கிராமம் வேறு. ஒரு ஊராட்சியில் ஏழெட்டுக் குக்கிராமங்கள் இருக்கலாம். ஊராட்சியின் பெயர் அவற்றில் ஒன்றின் பெயராக இருக்கும். பலகை ஊராட்சி எல்லையில் நிற்கும், காரணம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு குடியிருப்புக்குரியதாக இருக்கும். பட்டி, வயல், விடுதி என்று முடியும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி வரி கொடுங்கள்.

காரணம் கிடைத்த உற்சாகத்தில் பெயரையே மாற்றத் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். ஊர்ப்பெயர் மாற்றத்துக்கு மத்திய உள்துறை 1953இல் வகுத்த நெறிமுறை இன்றும் வழக்கில் இருக்கிறது: மக்களுக்குப் பழகிய பெயரைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது, அக்கம்பக்கத்தில் குழப்பம் தரும் பெயர் கூடாது, ரயில்வே, அஞ்சல் துறை, இந்திய நில அளவைத் துறை ஆகியவற்றின் இசைவு வேண்டும். வெறும் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு மாற்றுவதே எவ்வளவு சிக்கல் என்பதற்கு 2020 ஜூன் மாதம் சாட்சி. 1,018 ஊர்களுக்குப் புதிய ஆங்கில எழுத்துமுறை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று என்று ஒவ்வொன்றிலும் ஓரெழுத்து வித்தியாசத்துக்கு அலைவது மக்கள்தான்.

இழிவு தரும் சாதிப் பெயர்கள் விஷயம் வேறு. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படிப்பட்ட பெயர்கள் போகத்தான் வேண்டும், பழமை என்று சொல்லித் தாங்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் மாற்றும் தீர்மானத்தில் பழைய பெயர், புதிய பெயர், புல எண் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்து அந்தக் குடும்பங்கள் தங்கள் பட்டாவும் வீடும் ஒன்றே என்று நிரூபிக்கத் திண்டாடும்.

இனி பலகை. ஃபிளெக்ஸ் வேண்டாம், இரண்டு கோடையில் வெளுத்துவிடும். கருங்கல்லில் பொறிப்பதே நல்லது. பொறிக்குமுன் தாளில் அதே அளவில் எழுதிச் சுவரில் ஒட்டி, எழுதாத இருவரைக் கொண்டு பிழை பாருங்கள். கல்லில் வந்த ஒற்றுப்பிழையைத் திருத்த வழியில்லை. எழுத்து உயரம் 2 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம், வாசகம் 60 சொல்லைத் தாண்ட வேண்டாம். கோயில் சுவரில் ஆணி அடித்து மாட்டக் கூடாது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்றால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பலகைக்குப் பீடம் கட்டுவதும் அதில் சிக்கும். சாலையோரம் வைப்பது எல்லா வகையிலும் வசதி.

வாசகத்தில் மூன்றையும் கலக்காதீர்கள்: கல்வெட்டில் உள்ளது, அறிஞர் விளக்கம், ஊர்க் கதை. கதையை நீக்க வேண்டியதில்லை, கதை என்று சொல்லிவிட்டால் போதும். குடுமியான்மலைக்கு நாங்கள் எழுதினால் இப்படி எழுதுவோம்:

“குடுமியான்மலை. பழைய கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் திருநலக்குன்றம். பிற்காலக் கல்வெட்டுகளில் சிகாநல்லூர். ‘குடுமி’ என்பதற்கு மலையுச்சி என்றும் பொருள் உண்டு; உச்சியுடைய குன்றின் இறைவன் குடுமியான் எனப்பட்டிருக்கலாம். அர்ச்சகரைக் காக்க இறைவன் குடுமி காட்டினார் என்ற கதையும் ஊரில் வழங்குகிறது. மேலைக்கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு உள்ளது.”

வாசகத்தை முடிவு செய்யுமுன் கிராம சபையில் படியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் வரைவைப் படித்து, அடுத்த கூட்டம் வரை ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்து, பிறகு தீர்மானப் புத்தகத்தில் சான்றுகளின் எண்களோடு பதியுங்கள். எண்களைப் பலகையில் போட வேண்டாம். பத்து ஆண்டு கழித்து யாராவது வந்து “இதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால் செயலர் எடுத்துக் காட்ட அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்வெட்டும் நிலப் பதிவேடும் படிக்கும் சிலர்